ஒரு நாள் தனி நாடு

எனக்கு ஊர் வைத்த பெயர் புளிப்பு. பால் குளிரூட்டும் நிலையத்தில் பரிசோதனை மேசையில் உட்கார்ந்து, வருகிற கேன் ஒவ்வொன்றையும் மோந்து, அளந்து, சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி எடுத்துக் கொதிக்க வைத்து, "இது திரியுது, எடுத்துட்டுப் போ" என்று சொல்கிற வேலை என்னுடையது. வேலையால் வந்த பெயர் என்று நான் சொல்வேன். குணத்தால் வந்த பெயர் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அவர் எங்கள் நிலையத்துப் பாலை ஏற்றிக்கொண்டு தினமும் பாலத்தைத் தாண்டி அக்கரைத் தொழிற்சாலைக்குப் போகிற டேங்கர் டிரைவர். எதைச் சொன்னாலும் "இதெல்லாம் நடக்குமா?" என்றுதான் ஆரம்பிப்பார். கல்யாணத்தன்றும் அப்படித்தான் கேட்டிருப்பார். கூட்டத்தில் எனக்குக் காதில் விழவில்லை.

அந்த வருஷம் எங்கள் பகுதி தனி நாடாகப் பிரிவதா, இருப்பதிலேயே இருப்பதா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். பிரிந்தால் ஆறுதான் எல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மாடுகளும் பாலும் நாங்களும். அந்தப் பக்கம் தொழிற்சாலையும் தலைநகரத்துக்குப் போகிற பெரிய சாலையும். எங்கள் பால் காலையில் பாலத்தைத் தாண்டிப் போகும். மறுநாள் அவர்கள் பெயர் அச்சடித்த பாக்கெட்டாகவும் வெண்ணெயாகவும் பவுடராகவும் திரும்பி வந்து, எங்கள் கடைகளிலேயே இரண்டு மடங்கு விலைக்கு உட்கார்ந்திருக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். "வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதா?" என்று பிரிய வேண்டும் என்றவர்கள் சுவரில் எழுதினார்கள். "வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைக்காதே" என்று மறுநாளே எதிர்ச்சுவரில் மற்றவர்கள் எழுதினார்கள். பால் ஊரில் அரசியல் சண்டையிலும் மோர் வாடைதான் அடிக்கும்.

நான் பிரிய வேண்டும் என்ற பக்கம். அவர் வேண்டாம் என்ற பக்கம். அதுவரைக்கும் பரவாயில்லை. எங்கள் வீட்டில் தலையணை உயரத்தில்கூட இரண்டு கட்சி உண்டு. ஒருநாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். அவர் உட்காராமல் பேச ஆரம்பித்தால் விஷயம் கனமானது என்று அர்த்தம்.

"தொழிற்சாலை மேனேஜர் கூப்பிட்டுப் பேசினாரு. அந்தப் பக்கமே வந்துடு, நிரந்தர வேலை, குடும்பத்தோட இருக்க குவார்ட்டர்ஸ் தரேங்கிறாரு. ஓட்டுப் போடுற நாளுக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"எதுக்கு திடீர்னு இவ்ளோ பாசம்?"

"பிரிஞ்சுட்டா பாலத்துல கேட் போடுவாங்கல்ல? வரி ஒரு பக்கம், சுகாதாரச் சான்றிதழ் ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு சீல். பால் என்ன இரும்பா, ஆபீசர் சாப்பிட்டுட்டு வர்ற வரைக்கும் நிக்க? ரெண்டு தடவை வண்டியிலேயே திரிஞ்சுதுன்னா அவங்க வேற பக்கம் வாங்கிக்குவாங்க. அப்புறம் நிலையத்தை மூட வேண்டியதுதான். எனக்கு வண்டி கிடையாது, உனக்கு மேசை கிடையாது."

"அவங்க வாங்கலன்னா நாமளே பாக்கெட் போட்டு விப்போம்."

"பாக்கெட் கவர் எங்கேர்ந்து வருது?"

அக்கரையிலிருந்துதான் வருகிறது. எனக்குத் தெரியும். கரி பிடித்த சட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் குரல் கொடுத்தாள். "நாட்டுக்கு வாக்கெடுப்பு வைக்கிறாங்க, வீட்டுக்கு வைக்க மாட்டீங்களா? நம்ம மூணு பேரு. இழுபறியா முடியவே முடியாது."

"நீ படி," என்று இருவரும் ஒரே குரலில் அதட்டினோம். அந்த மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"போறதுன்னா நீங்க போங்க. நானும் அவளும் வரல," என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். உண்மையிலேயே போய்விடுவாரோ என்ற பயம் அன்றைக்கு எனக்குள் புகுந்தது. பிறகு அது வெளியே போகவே இல்லை.

அந்த வாரம் பால் சங்கத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. எங்கள் சங்கத் தலைவர் ஒரு அம்மாள். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். உறுப்பினர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு கத்தினார்கள். ஒருவர் வரி எல்லாம் தலைநகரத்துக்குப் போகிறது என்றார். இன்னொருவர் புது நாட்டுப் பணத்தை எந்தக் கடைக்காரன் வாங்குவான் என்றார். குளிரூட்டும் இயந்திரத்துக்கு உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று மெக்கானிக் கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லாததால் எல்லோரும் இன்னும் சத்தமாகக் கத்தினார்கள்.

தலைவர் மேசையைத் தட்டினார். "ஒரு சட்டை வாங்கினாக்கூட போட்டுப் பார்த்துத்தானே வாங்குறீங்க? நாட்டை மட்டும் போட்டுப் பார்க்காம வாங்குவீங்களா? ஒரு நாள் பிரிஞ்சு பார்ப்போம். அன்னிக்கு ஒரு சொட்டுப் பால் பாலத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பக்கத்துலேர்ந்தும் ஒண்ணும் வரக் கூடாது, இங்க இருக்குற அவங்க சாமான் எதையும் தொடக் கூடாது. என்ன ஆகுதுன்னு கண்ணால பார்த்துட்டு அப்புறம் ஓட்டுப் போடுங்க."

முதலில் கைதட்டியது நான்தான். வேண்டாம் என்ற பக்கமும் கைதட்டியது. எங்களுக்குப் புத்தி வரட்டும் என்று அவர்கள் தட்டினார்கள். தலைவர் அக்கரை மேனேஜருக்கு போன் பண்ணி ஒரு நாள் பால் வராது என்று சொன்னார். அவர் சிரித்துவிட்டு, "நல்லா விளையாடுங்கம்மா," என்று போனை வைத்துவிட்டாராம்.

ஒத்திகை நாள் காலையிலேயே முதல் இடி விழுந்தது. டீ இல்லை. டீத்தூள் அக்கரைச் சரக்கு. "சுதந்திரத்துக்காக டீயை விடணும்னு யாரும் சொல்லலையே," என்று மெக்கானிக் முனகினார். வெறும் பாலைச் சுட வைத்துக் குடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம். விலையைப் பாக்கெட் விலைக்கும் தொழிற்சாலை எங்களுக்குத் தருகிற விலைக்கும் நடுவில் வைத்தோம். வாங்குகிறவருக்கும் லாபம், விற்கிறவருக்கும் லாபம். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத் தெருவாகப் போனது. "நம்ம ஊரு பாலு, நேரா நம்ம வீட்டுக்கு! பாத்திரம் கொண்டு வாங்க!"

ரொம்ப நேரம் ஒருவரும் வரவில்லை. டேங்கரை வாசலில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் நடக்குமா?" என்று வாயைத் திறந்து கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

பிறகு ஜனங்கள் வந்தார்கள். பாக்கெட் பால் வாங்கியே பழகியவர்கள் வீட்டில் பால் வாங்குகிற பாத்திரம் எங்கே இருக்கும்? தண்ணீர் பாட்டிலோடு வந்தார்கள், சாப்பாட்டு டப்பாவோடு வந்தார்கள். ஒருவர் குக்கரைத் தூக்கி வந்தார். தையற்கடைக்காரர் மூடி இல்லாத பூ ஜாடியோடு வந்து, "கழுவிட்டேன், கழுவிட்டேன்," என்று கேட்கிறதற்கு முன்பே சத்தியம் பண்ணினார். அவரை அடித்து விரட்டலாமா என்று யோசித்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு வெந்நீர் ஊற்றி இன்னொரு முறை கழுவி, நானே ஊற்றிக் கொடுத்தேன். வரிசை தெருமுனை வரை போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வரிசையைப் பார்த்து அழுதுவிடுவேனோ என்று பயந்து எல்லோரையும் "தள்ளி நில்லுங்க" என்று திட்டிக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மாட்டை மட்டும் மறந்துவிட்டோம்.

மாடு ஒரு நாளைக்கு இரண்டு முறை பால் கறக்கும் என்பது பால் சங்கத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் பழக்கம் இப்படி. முந்தின சாயங்காலப் பாலும் அன்றைய காலைப் பாலும் குளிர்தொட்டியில் சேரும். டேங்கர் வந்து அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டு போகும். தொட்டியைக் கழுவுவோம். சாயங்காலக் கேன்கள் வரும்போது தொட்டி காலியாக வாயைத் திறந்துகொண்டிருக்கும். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். விலை, பாத்திரம், ஒலிபெருக்கி, வரிசைக்குக் கயிறு என்று அத்தனையும் யோசித்த எங்களில் ஒருவருக்குக்கூட, டேங்கர் போகாத நாளில் தொட்டி காலியாகாது என்று உறைக்கவில்லை. பாதித் தொட்டிக்கு மேல் இன்னும் பால் இருக்கும்போது, வெயில் இறங்காத அந்த நேரத்தில் சாயங்காலக் கேன்கள் வண்டி வண்டியாக வந்து முற்றத்தில் இறங்கின.

முன்பே இறங்கியிருந்த கேன்களை விட்டுவிட்டு, அப்போது வண்டியிலிருந்து இறங்கியவற்றை நேராகத் தொட்டியில் ஊற்றினோம். அது நிரம்பிவிட்டது. மிச்சக் கேன்கள் வெயிலில் நின்றன.

என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "டேங்கர்ல ஊத்துங்க. உள்ள சில்லுனுதான் இருக்கு. காலைல கழுவினது."

"டேங்கர் தொழிற்சாலையோடது," என்றேன். "அந்தப் பக்கத்து சாமான் எதையும் தொடக் கூடாதுன்னு முடிவு."

"பால் கெட்டுப் போகுதுடி."

"இதைத்தானே எதிர்பார்த்துக்கிட்டு காலைலேர்ந்து உக்காந்திருக்கீங்க? முடியலன்னு நாங்க ஒத்துக்கணும். அதுக்குத்தானே?"

"நான் பாலைப் பத்திப் பேசுறேன். நீ ஜெயிக்கிறதைப் பத்திப் பேசுற."

சுற்றி நின்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பக்கம் விதி விதிதான் என்றது. மறு பக்கம் விதியைக் குடிக்க முடியுமா என்றது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் வாய்க்கு எதிரே யாரும் நிற்க முடியாது என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு அந்த வாயால்தான் கெட்டேன். வாக்குவாதம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் தலைவர் வந்து, "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. டேங்கரைத் திற," என்று ஒரே சத்தம் போட்டார்.

டேங்கரைத் திறந்தாகிவிட்டது. ஆனால் கேன்களை நான் பரிசோதிக்க வேண்டுமே. முதலில் வந்து முன்வரிசையில் நின்ற கேன்கள்தான் அதிக நேரம் வெயிலில் நின்றவை. ஒவ்வொன்றிலும் கரண்டி போட்டு எடுத்துக் கொதிக்க வைத்தேன். திரிந்தது. அடுத்ததும் திரிந்தது. அந்தக் கேன்கள் எங்கள் ஊரில் இரண்டே மாடு வைத்துப் பிழைக்கிற ஒரு பெண்ணுடையவை. கூட்டம் சேர்வதற்கு முன்பே கொடுத்துவிடலாம் என்று சீக்கிரமாகக் கொண்டு வந்திருந்தாள்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், புளிப்பு," என்றாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவளும் நானும் சேர்ந்து கேனைச் சாய்த்தோம். வெள்ளையாக ஓடிச் சாக்கடையில் விழுந்த பாலைப் பார்த்து எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு ஆன நஷ்டத்தைச் சங்கம் கொடுக்கும். ஆனால் அவள் கறந்ததைக் கொட்டியது என் பிடிவாதம்தானே. பிரிவு என்றால் இதுவும்தான் என்று அப்போது புரிந்தது. கொட்டுகிற பால் எப்போதும் இரண்டு மாட்டுக்காரி வீட்டுப் பாலாகத்தான் இருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது டேங்கர் பக்கத்தில் ஒரு புது வரிசை நின்றது. வேலை முடிந்து வருகிறவர்கள். தொட்டிப் பக்கம் ஆள் இல்லாததால் என் வீட்டுக்காரரே வண்டியின் குழாயைத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண் குழந்தை விளையாட்டுச் சாமான் வாளியை நீட்டியது. அவர் குந்தி உட்கார்ந்து, ஒரு சொட்டு சிந்தாமல் அதை நிரப்பி, "கைப்பிடியை நல்லா பிடிச்சுக்கோ," என்று இரண்டு முறை சொன்னார். வீட்டில் அவர் எந்தப் பாத்திரத்தையும் அவ்வளவு கவனமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் மேனேஜரின் கார் வந்து நின்றது. ஆள் முகம் சிவந்திருந்தது.

"என்னம்மா இது?" என்றார் தலைவரிடம். "விளையாட்டுன்னு நினைச்சேன். என் மெஷின் மொத்தமும் நிக்குது. ஷிப்டு ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டேன். எங்க பக்கத்துக் கடைங்கள்ல பாக்கெட் இல்ல. என் வீட்டுலயே எனக்குப் பாலில்லாத காபிதான் கிடைச்சுது."

"எங்களுக்கு அதுகூட இல்ல," என்றார் தலைவர். "உக்காருங்க."

காலிக் கேன்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மேனேஜர் வரிசையைப் பார்த்தார், குக்கரைப் பார்த்தார், சாக்கடையில் இன்னும் வெள்ளையாக இருந்த தண்ணீரைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கோபம் இறங்கியது.

"பிரிஞ்சா நீங்க கஷ்டப்படுவீங்கன்னு தெரியும்," என்றார். "எனக்கு என்ன ஆகும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

பேச்சு நீண்டது. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். ஒரு பைசாவுக்கு ஒரு கதை சொன்னார்கள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். வாக்கெடுப்பில் எது ஜெயித்தாலும் காலைப் பால் தொழிற்சாலைக்குப் போகும். இங்கே நான் பார்த்துச் சரி என்று சொன்னால் போதும், அங்கே மறுபடி பரிசோதனை என்று வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. எல்லையில் என்ன கெடுபிடி வந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து போய் அவரவர் அரசாங்கத்தின் கதவைத் தட்டுவார்கள். சாயங்காலப் பால் எங்களுக்கு. அதை நாங்களே விற்கலாம், வெண்ணெய் எடுக்கலாம். அவர் கிடங்கில் சும்மா கிடக்கிற பழைய பாக்கெட் இயந்திரத்தை வாடகைக்குத் தருவார். இரண்டாவது தொட்டி ஒன்றைச் சங்கம் உடனே வாங்கும். அது யாரும் கேட்காமலே முடிவானது.

இரண்டு அரசாங்கமும் வாய் திறப்பதற்கு முன்பே கவிழ்த்துப் போட்ட கேன் மேல் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டுவிட்டோம். பெருமையாக இருந்தது. ஆனால் கிளம்பும்போது மேனேஜர் என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டு, "நீ சொல்ல வேண்டியதைச் சொல்லலையே? குவார்ட்டர்ஸைப் பூட்டியே வெச்சிருக்கேன்," என்றார். அவர் என்னைப் பார்க்காமல், "சொல்றேன் சார்," என்றார். என் பெருமை அங்கேயே வடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வாயாடி வாயடைத்துப் போனாளே என்று மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கேட்டு, ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால் கேட்கவில்லை.

வாக்கெடுப்பு நாள் வந்தது. பள்ளிக்கூட வகுப்பறையில் சாவடி. நானும் அவரும் ஒன்றாகத்தான் போனோம். உள்ளே மறைப்புக்குப் பின்னால் சீட்டை வைத்துக்கொண்டு நின்றேன். இந்த நாளுக்காக எத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இப்போது சாக்கடையில் ஓடிய பால் கண்ணுக்கு முன்னால் நின்றது. இன்னும் எத்தனை கேன்களைக் கொட்ட வேண்டியிருக்குமோ. இருந்தாலும் பாத்திரங்களோடு நின்ற அந்த வரிசையை நினைத்துக்கொண்டு, பிரியலாம் என்பதற்கே குத்தினேன். முன்பு கோபத்தில் குத்தியிருப்பேன். அன்றைக்குப் பயந்துகொண்டே, தெரிந்தே குத்தினேன்.

வெளியே வந்ததும் அடக்க முடியவில்லை. "எதுக்குப் போட்டீங்க?"

"வேண்டாம்னு போட்டேன்."

"அப்ப குவார்ட்டர்ஸுக்குப் போறீங்க."

"அதை நேத்தே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். சைக்கிள்காரன் ஒருவன் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"ஏங்க, பிரியறது பிடிக்கலன்னா இங்க எதுக்கு இருக்கணும்?"

அவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "எனக்குப் பயமா இருக்கு. அன்னிக்கு அந்தப் பால் கொட்டினதைப் பார்த்ததிலேர்ந்து நிஜமாவே பயமா இருக்கு. பயத்துக்கும் ஒரு ஓட்டு வேணும்ல? அதை நான் போட்டேன். ஆனா இத்தனை வருஷமா பாலை ஏத்திட்டுப் போயி ஒரு குழாய்ல விட்டுட்டு வந்தேன். அதை யாரு குடிக்கிறாங்கன்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். இதை விட்டுட்டு எங்க போறது?"

"பிரியணும்னு ஜெயிச்சுட்டா?"

"ஜெயிச்சா புது நாட்டோட முதல் டேங்கர் டிரைவர் நான்தான். பாலத்துல எந்த ஆபீசர் நிறுத்தினாலும் உன் பேரைச் சொல்லுவேன். பயந்து விட்டுடுவான்."

நடுத்தெரு என்றும் பார்க்காமல் அவர் தோளில் ஒரு அடி வைத்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிரிய வேண்டாம் என்று ஓட்டுப் போட்டுவிட்டு இங்கேயே இருக்கப்போகிற ஆளை நம்பி ஒரு நாடு நடக்காதா என்ன? எனக்கு அவரை விட்டால் வேறு நாடு எதற்கு? இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிக்கொள்வார்.

"சீக்கிரம் நடங்க. சாயங்காலப் பால் வந்துடும்," என்றேன்.